மூக்குக்கும் ஒரு நாள் விடுமுறை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இன்று காலை சமைத்து வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்னவர்களை நம்பித்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

வீட்டில் சமைப்பவருக்குப் பெரிய சந்தோஷம் புதுக் காய்கறி வாங்குவதிலா, வெளியே போய்ச் சாப்பிடுவதிலா? இதுதான் தலைப்பு. வெளியே போய்ச் சாப்பிடுவதில்தான் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் இனிப்புச் சோளத்தை வைத்து அழகாக வாதாடினார். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், அன்றைக்கே வாங்கி அன்றைக்கே அவித்துத் தின்பதற்கு ஈடே இல்லை என்றார். உண்மைதான். பச்சைப் பட்டாணிக்கும் அதே கதைதான். ஆனால் நடுவர் அவர்களே, வாங்கும்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கிற பொருளை வீட்டுக்குத் தூக்கி வருவதற்குப் பெயர் சந்தோஷமா? நாங்கள் அதைக் கடன் என்போம்.

சந்தையில் நிற்கும்போது நானும் மயங்குகிறவள்தான். இல்லை என்றால் பொய். கீரைக்கட்டைப் பார்த்தால் கை தானாக நீளும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால்தான் தெரியும் சங்கதி. தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் குறைந்துவிடும். சரி, வெளியே வைக்கலாம் என்றால் பக்கத்தில் வாழைப்பழம் இருக்கிறது. அது விடும் எத்திலீன் வாயுவில் இது அவசரமாகப் பழுத்துவிடும். கேரட்டுக்கு அழகே அந்தத் தழைதான், அதையும் உடனே வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தைத் தழை இழுத்துவிடும். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; ஒரு மத்தியானம் மறந்தால் துவண்டு கிடக்கும். ஒருவருக்கொருவர் ஆகாத பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைத்த வாத்தியார் நிலைமைதான் என்னுடையது.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். அது மூக்கைப் பற்றியது.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம். ஜலதோஷம் பிடித்தவரைக் கேளுங்கள், சொல்வார். அந்த மூக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரே மணத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றால், அதை நமக்குச் சொல்வதை நிறுத்திவிடும். நாம் வெங்காயம் வதக்கினால் தெருவில் போகிறவருக்கு நாக்கு ஊறும். அடுப்பு முன்னால் நிற்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் கிண்டி, கிளறி, இடையில் நாலு தடவை ருசி பார்த்து, கடைசியில் தட்டு முன்னால் உட்காரும்போது பசியும் பாதி செத்திருக்கும், மூக்கும் ஓய்ந்திருக்கும். "உப்பு சரியாக இருக்கிறதா?" என்று சமைத்தவர் கேட்கிறாரே, அதைப் பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்!

அதே ஆளை ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போங்கள். கதவைத் திறந்ததும் மணம் முகத்தில் வந்து மோதும். பசி முழுசாக இருக்கும். அப்போதுதான் நடுவர் அவர்களே, சமைக்கிறவர் சாப்பிடுகிறார்.

"வெளியே சாப்பிட்டால் என்ன போட்டார்கள் என்றே தெரியாதே" என்றார் நண்பர். அந்தக் கண்டுபிடிப்புதான் ஐயா எங்களுக்கு விளையாட்டே! பல வருடம் நான் காளான் வதக்கி வதக்கித் தோற்றவள். வாணலி நிறையக் கொட்டுவேன். தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்து தொளதொளவென்று கிடக்கும். ஒரு நாள் அடுப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சமையற்காரர் அகலமான சட்டியில் ஒரு கைப்பிடிதான் போட்டார், கிளறவும் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமாக வறுபட 140 டிகிரி பக்கம் வேண்டும். நான் அத்தனை வருடமும் காளானை அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! எந்தச் சந்தையில், எவ்வளவு புதிய காளான் வாங்கியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்குமா?

வெளியே சாப்பாடு மோசமாக அமைவதும் உண்டு. ஆறிப்போன சூப், காதைப் பிளக்கும் பாட்டு, எல்லாம் பட்டிருக்கிறேன். ஆனால் அங்கேயும் ஒரு லாபம் இருக்கிறது. "இதைவிட நான் நன்றாகச் செய்வேன்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிற சுகம்! அப்புறம் இரண்டு நாளைக்கு வீட்டில் என் சமையலுக்கு ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் நடுவர் அவர்களே. எதிரணி நண்பர் பேசுவதற்கு முன்பே மயங்கி, வரும் வழியில் நானும் இரண்டு கிலோ பட்டாணி வாங்கிவிட்டேன். இன்றைக்கே உரித்தாக வேண்டும்.