தாகம் எடுக்கலன்னா தண்ணி வேணாம்னு அர்த்தம் இல்ல

எல்லாருக்கும் வணக்கம், மைக் கொஞ்சம் இரையுது, பின்னாடி கேக்குதா? சரி.

வெயில்ல வெளிய போகாதீங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் வீட்டுக்குள்ள இருக்கறவங்களப் பத்திதான் பேசப்போறேன். 1995 ஜூலைல சிகாகோவுல அடிச்ச வெயில்ல 700 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் வயசானவங்க, ரோட்ல சுருண்டு விழுந்து இல்ல, நெறைய பேரு தனியா இருந்த ரூமுக்குள்ள, சில பேரு திருட்டு பயத்துல ஜன்னலக்கூட சாத்திக்கிட்டு. 2003 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல சுமார் 15,000 பேரு.

நாங்க பாக்காத வெயிலான்னு இங்க ஒரு பெரியவர் சிரிக்கிறார். அதே 2003ல மே கடைசில நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சு, அதையும் பாத்தவங்கதான் நீங்க, ஆனா ஐயா, அப்ப உங்களுக்கு வயசு கம்மி!

வயசாக ஆக வேர்வை கம்மியாகும், தாகமே சரியா தெரியாது, உடம்பு சூட்ட வெளிய தள்ள இதயம் கூடுதலா அடிக்கணும், அதுல பிபிக்கு நீர் பிரியற மாத்திரை வேற. நம்ம ஊர்ல காத்துல ஈரம் ஜாஸ்தி, வர்ற வேர்வையும் காயாது. பகல்லகூட சமாளிச்சிடலாம், ராத்திரிதான் கொடுமை, மொட்டை மாடி பகல்ல குடிச்ச சூட்ட விடிய விடிய கீழ எறக்கும்.

எங்க பெரியம்மா திருவல்லிக்கேணில மாடி போர்ஷன்ல இருந்தாங்க. காலைல ரொப்பி வச்ச சொம்பு சாயந்திரம் போனா அப்படியே இருக்கும். ஏன் பெரியம்மா குடிக்கலன்னா சொல்லவே மாட்டாங்க, ஒருநாள் மெதுவா சொன்னாங்க, "குடிச்சா எந்திரிக்கணும், பாத்ரூம் கீழ இருக்குடா, முட்டி தாங்கல". டாக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மருமகள்கள் இருக்கீங்களே, தண்ணி குடிங்கன்னு அதட்டறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க.

பேச்சு கொழறுது, சம்பந்தமில்லாம பேசறாங்கன்னா வயசுக் கோளாறுன்னு விட்றாதீங்க, உடனே 108. வண்டி வர்றவரைக்கும் ஈரத்துண்ட கழுத்துல, அக்குள்ல வச்சு ஃபேனப் போடுங்க, நினைவு சரியில்லன்னா வாயில தண்ணி ஊத்தவே கூடாது. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, இதய, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க எவ்ளோ தண்ணின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மோர் வருது பாருங்க, குடிச்சிட்டுப் போங்க. பாத்ரூம் இங்க கீழயேதான், சாவி செயலாளர்கிட்ட.