சந்தேகங்களுக்கு விளக்கம்: கெக்ல வச்ச பிட்டர் ஏன் லாகர் மாதிரி ஆகுது?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே இல்லை. மத்த கேள்விகளைத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் இன்னிக்குப் பேசிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். புதுசா வந்தவங்களுக்கு: பிட்டர்னா இங்கிலீஷ் பப்புல ஊத்துற, கேஸ் குறைஞ்ச கசப்பான ஏல் பீர். லாகர்னா குளிரக் குடிக்கிற, கேஸ் நிறைஞ்ச பீர். கெக்னா அழுத்தம் தாங்குற உலோகக் கலன், கார்னி கெக்னா சோடா கம்பெனிகள் வச்சிருந்த மாதிரி. காஸ்க் ஏல்னா பீப்பாய்க்குள்ளயே ஈஸ்ட் உயிரோட இருக்கிற பீர்.

லெஸ்டர்ல இருந்து ஒரு நேயர். அவர் எழுதினதைப் படிக்கிறேன். "அண்ணா, உங்க பெஸ்ட் பிட்டர் வீடியோ பார்த்து 19 லிட்டர் போட்டு கார்னி கெக்ல ஊத்தி வச்சேன். கராஜ்ல இருக்கிற ஃப்ரிட்ஜ், 5 டிகிரி. ரெகுலேட்டர்ல கேஸ் அழுத்தம் 10 பிஎஸ்ஐ. முதல் வாரம் பப்புல குடிக்கிற மாதிரியே இருந்துச்சு. மூணாவது வாரம் ஒரே நுரை, நாக்கைக் குத்துது. கேஸை மூடினா ரெண்டு கிளாஸுக்கு அப்புறம் பீர் வரலை. காத்து போற மாதிரி திறந்து வச்சா புளிச்சிடுமோன்னு பயம். கெக்ல வச்சுக்கிட்டு காஸ்க் ஏல் மாதிரி ஊத்தவே முடியாதா?"

தாராளமா முடியும். நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். கேஸ் பீரைத் தள்ளக் கூடாது. பீர் காலி பண்ணின இடத்தை நிரப்பினா போதும். பார்லி வைன் வீடியோவிலும் இதைச் சொன்னேன், ஹேண்ட் பம்ப், அதாவது பீரைக் கையால இழுத்து ஊத்துற பம்பு, வாங்கின வீடியோவிலும் சொன்னேன். இன்னிக்கும் அதேதான், ஆனா கணக்கோட சொல்றேன்.

ஒரு லிட்டர் பீருக்குள்ள ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருந்தா அதை ஒரு வால்யூம்னு சொல்வோம். 20 டிகிரில நொதிச்சு முடிஞ்ச பீர்ல, நாம எதுவும் பண்ணாமலே கிட்டத்தட்ட 0.85 வால்யூம் இருக்கும். பப்புல ஹேண்ட் பம்புல வர்ற ஏல்ல 1.1, 1.2 அந்த அளவு. லாகர்ல 2.5. இப்ப உங்க கெக்கைப் பாருங்க. 5 டிகிரி, 10 பிஎஸ்ஐ. அந்த குளிர்ச்சியிலும் அந்த அழுத்தத்திலும் பீர் மெதுமெதுவா கேஸை உறிஞ்சிக்கிட்டே போய் 2.4 கிட்ட நிக்கும். முதல் வாரம் உறிஞ்சி முடிக்கலை, அதனால நல்லா இருந்துச்சு. மூணாவது வாரம் முடிச்சிருச்சு. பீர்ல ஒரு குறையும் இல்லை. ஹென்றி விதின்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அது தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு.

மிச்சம் இருக்கிறதைக் கீழே ஊத்திடாதீங்க. கேஸ் லைனைக் கழட்டுங்க. கெக்கை 12 டிகிரிக்குக் கொண்டு வந்து, மூடியில இருக்கிற ரிலீஃப் வால்வை அப்பப்ப இழுத்து விடுங்க. ரெண்டு நாள்ல அடங்கிடும்.

இப்ப அழகான விஷயம். 12 டிகிரில, வெளி அழுத்தம் எதுவும் கொடுக்காம, சும்மா கார்பன் டை ஆக்சைடை மேல போர்த்தி வச்சா பீர் எவ்வளவு பிடிச்சு வச்சுக்கும் தெரியுமா? கிட்டத்தட்ட 1.1 வால்யூம். காஸ்க் ஏலோட அளவே அதுதான்! அதாவது நிலவறைச் சூட்டுல, ரெகுலேட்டர் முள் பூஜ்யத்தை ஒட்டி இருந்தா, எத்தனை வாரம் ஆனாலும் உங்க பிட்டர் பிட்டராவே இருக்கும். இதை முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செய்முறைக்கு வர்றேன். கெக்ல ஊத்தும்போது லிட்டருக்கு 2 கிராம் சர்க்கரை. 19 லிட்டருக்கு 40 கிராம் போதும், கொஞ்சம் தண்ணியில கொதிக்க வச்சு ஆறவிட்டு சேருங்க. பாட்டில்ல அடைக்கிற கணக்கை இங்க போடாதீங்க. கார்னி மூடி குறைஞ்ச அழுத்தத்துல சரியா உட்காராது, ஓரமா கசியும். அதனால நிரப்பின உடனே ஒரு தடவை 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை உட்கார வச்சுட்டு, வால்வை இழுத்து உள்ளே மாட்டின காத்தை வெளியேத்துங்க. ரெண்டு மூணு தடவை இப்படி. அப்புறம் 18, 20 டிகிரில ஒரு வாரம் பத்து நாள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்னு முடிக்கட்டும். அதுக்கப்புறம் 12 டிகிரில ஒரு வாரம் ஆடாம அசையாம இருக்கட்டும். உள்ள இருக்கிற நீளக் குழாயைக் கழட்டிட்டு மிதக்கிற குழாய் போட்டா மேல தெளிஞ்ச பீர் முதல்ல வரும், அடியில இருக்கிற வண்டல் கிளாஸுக்கு வராது.

ஊத்துற வழி மூணு சொல்றேன். ஒண்ணு, கையால. ரெண்டு மூணு பைன்ட் எடுத்ததும் ஒரு நொடி கேஸ் கொடுத்து மூடிடறது. செலவே இல்லை, ஆனா மறக்காம மூடணும். ரெண்டாவது, காஸ்க் பிரீதர். நீங்க பம்பை இழுக்கும்போது பீர் வெளியே போகும், போன அளவுக்கு மட்டும் இது கேஸை உள்ளே விடும். சில பேர் கேம்பிங் அடுப்புக்கு விக்கிற 37 மில்லிபார் ரெகுலேட்டரை இதே வேலைக்கு வைக்கிறாங்க. 37 மில்லிபார்னா அரை பிஎஸ்ஐ. ஓடும். ஆனா அடுப்புக்கு ஓடினது வேண்டாம், புதுசு வாங்குங்க. அதை நேரா சிலிண்டர்ல மாட்டவே கூடாது. அறைச் சூட்டுலயே சிலிண்டருக்குள்ள 57 பார் அழுத்தம் இருக்கு. மெயின் ரெகுலேட்டருக்கு அடுத்துதான் இது. மூணாவது வழி கெக்கே இல்லாம, பாலிபின். பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் பை. பீர் போகப் போக பை சுருங்கும், காத்துக்கு இடமே இல்லை. சர்க்கரையைப் பாதியாக்கிடுங்க, இல்லைன்னா பை உப்பிடும்.

பம்பு இல்லைன்னா கவலைப்படாதீங்க. கெக்கை மேடை மேல வச்சு குழாயைக் கீழே இறக்கினா பீர் தானா இறங்கும். பம்பு இருந்தா லைன்ல ஒரு செக் வால்வு (ஒரு பக்கமா மட்டும் போக விடுற வால்வு) அவசியம். பம்பு மூக்குல ஸ்பார்க்லர், அதாவது நுரை வரவைக்கிற சின்னத் துளை மூடி, மாட்டணுமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. யார்க்‌ஷயர்ல மாட்டுவாங்க, லண்டன்ல மாட்ட மாட்டாங்க. நான் மாட்ட மாட்டேன், கசப்பெல்லாம் நுரைக்குப் போயிடுது.

இந்தக் கேஸ் விஷயத்துல ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. 1971ல நாலு இங்கிலீஷ்காரங்க அயர்லாந்துல கெரி பக்கம் டன்குவின்ங்கிற ஊர் பப்புல உட்கார்ந்து ஆரம்பிச்சதுதான் காம்ரா, காஸ்க் ஏலுக்காகப் போராடுற அமைப்பு. அப்ப வாட்னீஸ் ரெட் பேரல் மாதிரி வடிகட்டி, ஈஸ்ட்டைக் கொன்னு, கேஸ் ஏத்தின கெக் பீர்தான் எல்லா பப்பையும் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. அதை எதிர்த்துக் கிளம்பினவங்க, வெளியில இருந்து கேஸே தொடக்கூடாதுன்னு காஸ்க் பிரீதரையும் சேர்த்தே ஒதுக்கி வச்சாங்க. 2018லதான் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அந்த எதிர்ப்பைக் கைவிட்டாங்க. என் கட்சி இதுதான்: உயிரோட இருக்கிற ஈஸ்ட்டும் குறைஞ்ச கேஸும்தான் காஸ்க் ஏல். அது மரமா, அலுமினியமா, சோடா கம்பெனி பழைய கெக்கான்னு பீருக்குத் தெரியாது. கேஸ் தள்ளக் கூடாது, நிரப்பணும். அவ்வளவுதான்.

ஆனா தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டியது கேஸைப் பத்தி இல்லை. போற போக்குல "5 டிகிரி"ன்னு எழுதிட்டீங்களே, அதைக் கேட்டிருக்கணும். 5 டிகிரில மால்ட் வாசனை வெளியவே வராது. ஃபகிள்ஸ், கோல்டிங்ஸ் மாதிரி இங்கிலீஷ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தர்ற பூ) எல்லாம் ஊமையாயிடும். பீரும் மங்கலாகும். 11ல இருந்து 13 டிகிரி. பழைய ஃப்ரிட்ஜுக்கு வெளியில ஒரு தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர் மாட்டினா முடிஞ்சுது. ஜனவரில கராஜ் இன்னும் குளிர்ந்துடும், அப்ப ஃப்ரிட்ஜுக்குள்ள சின்ன ஹீட்டர் வேணும்.

அப்புறம் பொறுமை. யார்க்‌ஷயர்ல கீத்லி பக்கம் ஒரு பப்புல நிலவறைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ஒவ்வொரு பீப்பாயிலும் சாக்பீஸால தேதி. மேல துளையில கேஸை வெளியே விடுற மூங்கில் ஆப்பு, அதுல நுரை கசிஞ்சுக்கிட்டு இருக்கு. அந்தப் பெரியவர் துணியால துடைச்சார், பார்த்துக்கிட்டே நின்னார். உடனே நுரை திரும்ப வந்தா இன்னும் தயாராகலை. மெதுவா வந்தாத்தான் மூங்கில் ஆப்பை எடுத்துட்டு கெட்டி ஆப்பை அடிப்பார். கடிகாரமும் பார்க்கலை, மீட்டரும் வைக்கலை. அந்த ரிலீஃப் வால்வுதான் உங்க மூங்கில் ஆப்பு. ஊத்துறதுக்கு முந்தின நாள் அதைத் திறந்து, சீறல் அடங்கும் வரைக்கும் விடுங்க.

பப்புல பீப்பாய்க்குள்ள காத்துதான் போகும், அதனாலதான் மூணு நாள்ல காலி பண்ணணும்ங்கிறாங்க. 19 லிட்டர்னா 33 பைன்ட், வீட்டுல ஒரு ஆளால ஆகாது. ஆனா அந்தக் காத்து முழுக்க எதிரி இல்லை. காலையில இறக்கின கள் மத்தியானத்துக்குள்ள வேற ருசிக்கு வந்துடற மாதிரி, திறந்த பீப்பாயும் முதல் நாள் ஒரு ருசி, ரெண்டாம் நாள் இன்னும் உருண்டு திரண்ட ருசி. பிரீதர் மாட்டினா அந்த மாற்றம் கிடைக்காது. இதை எனக்கு யாராவது கேள்வியா கேட்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

நடுவுல ஒண்ணு. ஊர்ல இருந்து பார்க்கிறவங்க கவனிங்க. இங்க பிரிட்டன்ல 1963லயே வீட்டுக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம்னு ஆக்கிட்டாங்க, விக்கக் கூடாது. தமிழ்நாட்டுல சட்டம் அனுமதிக்கலை. கேட்டுத் தெரிஞ்சுக்கிறதோட நிறுத்திக்குங்க.

லெஸ்டர் தம்பி, அடுத்த தடவை அதே பிட்டரை ரெண்டு சின்ன கெக்ல பாதி பாதியா பிரிச்சு ஊத்துங்க. ஒண்ணுக்கு பிரீதர். இன்னொண்ணை வெள்ளிக்கிழமை சாயந்திரம் காத்துக்குத் திறந்து விட்டுட்டு நண்பர்களைக் கூப்பிடுங்க. சனிக்கிழமை ராத்திரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பார்த்து, எந்தக் கிளாஸ் முதல்ல காலியாச்சுன்னு எனக்கு எழுதுங்க. டார்க் மைல்டுக்கு எந்த ஈஸ்ட்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, அது அடுத்த வாரம்.