டேங்க் கிளீனர் தோட்டத்துத் தொட்டியில் குஞ்சு வைக்குமா?

[காட்சி: கோபி பக்கம் ஒரு தென்னந்தோப்பு, நடுவே சிமென்ட் தொட்டி]

வணக்கமுங்க. கடையில் விரல் நீளத்தில் வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இப்போது ஒன்றரை அடி ஆகி, கண்ணாடித் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் கிடக்கிறதா? தோட்டத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே குஞ்சும் வைக்கும், வளை இருந்தால்.

[காட்சி: முதுகுத் துடுப்பு, அருகில்]

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. டேங்க் கிளீனரைப் பலரும் பிளெகோஸ்டோமஸ் என்பார்கள். ஆனால் 1758-ல் ஸ்வீடன் இயற்கையாளர் லின்னேயஸ் அந்தப் பெயர் வைத்த மீன் வேறு. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதன் பங்காளியான டெரிகோப்ளிக்திஸ். முதுகுத் துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற கதிர்கள் பத்தோ அதற்கு மேலோ இருந்தால் இதுதான்.

இரண்டுக்கும் தாய்வீடு தென் அமெரிக்கா. அங்கே ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து, உள்பக்கம் சரிவாக, ஒரு மீட்டர் வரைக்கும் வளை தோண்டும். சரிவு ஏன்? ஆற்றில் தண்ணீர் இறங்கினாலும் வளைக்குள் ஈரம் நிற்கும். பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். துடுப்பால் விசிறியபடி காவல் கிடப்பது ஆண்.

[காட்சி: சரிந்த கரை, அதில் ஓட்டைகள்]

இது தெரியாமல் நான் முதலில் மண்குட்டையில் விட்டேன். ஐப்பசி மழைக்குக் கரை பொத்தென்று உட்கார்ந்தது. பார்த்தால் எலிவளை மாதிரி வரிசையாக ஓட்டை! அதனால்தான் சிமென்ட் தொட்டி.

வளைக்குப் பதில் ஆறு அங்குல பிவிசி குழாய். மூன்றடி நீளம், ஒரு முனையில் மூடி. அடியில் கல் வைத்துச் சாய்த்து, வாய் மேல்பக்கம் இருக்குமாறு போடுங்கள். மீன் உள்ளே நுழைந்தால் உடம்பு உரசுகிற அளவுதான் அதற்குப் பிடிக்கும். ஆண்கள் குழாய்க்குச் சண்டை போடும், ஆகவே மீனைவிடக் குழாய் அதிகம் வேண்டும். ஆண், பெண் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஐந்தாறு மீனாக விட்டுவிடுங்கள்.

தீனிக்குச் சுரைக்காயைக் கல்லில் கட்டி இறக்கினால் போதும், கூடவே கொஞ்சம் மூழ்கும் தீவனம். நம் வெயில் ஒத்துக்கொள்ளும், மார்கழியில் மந்தமாகும். தொட்டியில் ஜிலேபி மீன் மட்டும் வேண்டாம், குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. வலை போட்டும் பிடிக்காதீர்கள்: துடுப்பு முள் சிக்கி, வலைதான் கிழியும்.

[காட்சி: தொட்டியின் வழிகுழாய், கம்பிவலை]

அப்புறம், இந்தக் கம்பிவலை. எங்கள் தொட்டி வழிந்தால் தண்ணீர் தடப்பள்ளி வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து பவானி, கூடுதுறையில் காவிரி. ஒரு ஜோடி தப்பினாலும் வாய்க்கால் கரையில் வளை விழும். குஞ்சு பெருகிவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.