எடை குறைந்த டிக்கி மூடியும் பழைய ஸ்பிரிங்கும்

நேயர்களுக்கு வணக்கம். காருக்கு டிக்கி மூடி மாற்றுகிறவர்கள் அதன் எடையைப் பற்றிப் பேசுவார்கள், பளபளப்பைப் பற்றிப் பேசுவார்கள், விலையைப் பற்றி ரொம்பவே பேசுவார்கள். அந்த மூடியைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தை அந்த ஸ்பிரிங்குக்கே தரப்போகிறேன்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு எடை குறைக்கிற பைத்தியத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்தது. அதற்கு முன்பிருந்தே இங்கே பட்டறைகளில் ரேஸ் வண்டியின் தகரத்தைக் கழற்றி ஃபைபர் போடுவார்கள். இப்போது ரோட்டில் ஓடுகிற வண்டிக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்புத் தகடு 7.85 கிராம் இருக்கும். அதே அளவு கார்பன் ஃபைபர் சுமார் 1.6 கிராம்தான். ஆசை வராமல் என்ன செய்யும்?

சரி, வீட்டில் செடான் கார் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை டிக்கியைத் திறந்து, குனிந்து, பின்சீட்டுக்குப் பின்னால் மேலே பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஏதோ பாடியைத் தாங்குகிற கம்பி என்று நினைத்திருப்பீர்கள். அதுதான் ஸ்பிரிங். கடையில் டார்ஷன் பார் என்பார்கள். சுருள் கிடையாது, நேர்க்கம்பி. மூடியை மூடும்போது அது முறுக்கிக்கொள்கிறது; லாக்கை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து மூடியைத் தூக்குகிறது. ரயில்வே கேட்டின் பின்பக்கத்தில் எடைக்கல் வைத்திருப்பார்களே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். தகர மூடி 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்காரன் அந்த 12 கிலோவுக்குத்தான் கம்பியை முறுக்கியிருக்கிறான். நீங்கள் 5 கிலோ மூடியைக் கொண்டுபோய் மாட்டுகிறீர்கள். கம்பிக்கு அது தெரியுமா? அது பழையபடி 12 கிலோவைத் தூக்குகிற பலத்தோடுதான் தூக்கும். மிச்சமிருக்கிற பலம் முழுக்க மூடியை வீசி எறிவதற்குப் போய்விடும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பழைய ஹோண்டா சிட்டியை என்னிடம் கொண்டுவந்தார். கார்பன் மூடி, கறுப்பாக, வலை பின்னியது போன்ற அந்த நெசவு வெயிலில் மின்னுகிறது. உண்மையிலேயே அழகு. "அண்ணா, லாக்குல கோளாறுங்க, பாருங்க" என்றார். விசாரித்தால் கதை நீளமாகப் போகிறது. கோயிலுக்குப் போகிற அன்றைக்கு அவர் சீட்டுக்குக் கீழே இருக்கிற டிக்கி லிவரை இழுத்திருக்கிறார். பின்னால் பூக்கூடையோடு அவருடைய அம்மா. மூடி எகிறிய வேகத்தில் கூடை பறந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, முகம் அரை அடி தள்ளி இருந்தது. உடனே இவர் லாக்கை மாற்றினார். மறுபடியும் எகிறியது. அடுத்து ஒரு இடத்தில், "ஸ்பிரிங் அதிகமா இருக்கு, ஒண்ணைக் கழட்டிடலாம்" என்று ஒரு கம்பியை எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதுதான் எங்கும் நடக்கிறது. ஒரு கம்பியை எடுத்தால் பலம் பாதியாகும், வாஸ்தவம். ஆனால் மிச்சமிருக்கிற கம்பி ஒரு பக்கத்துக் கீலை மட்டும்தான் தூக்கும். தகர மூடி விறைப்பானது, ஓரளவு சமாளிக்கும். எடை குறைவென்று வாங்கிய மெல்லிய மூடி முறுக்கிக்கொள்ளும். அந்தத் தம்பியின் வண்டியில் வலது மூலை ரப்பர் பீடிங்கில் உட்காரவே இல்லை. சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. மழைக்கு ஸ்டெப்னி வைக்கிற குழியில் தண்ணீர். கீல் போல்ட்டைச் சுற்றி மேல்பூச்சில் முடி மாதிரி விரிசல், நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. "லாக்கு பாவம் தம்பி, அது மேல குத்தமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன்.

கழற்றிய கம்பியைத் திரும்பப் போட்டு, இரண்டையும் ஒரே அளவு தளர்த்தினோம். அதற்கு வழி வண்டியிலேயே இருக்கிறது. கம்பியின் வளைந்த கால் போய் மாட்டுகிற இடத்தில் பல வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட காடிகள், அதாவது கால் உட்காருகிற பள்ளங்கள், வெட்டியிருப்பார்கள். ஒரு காடி மாற்றினால் முறுக்கு குறையும், அல்லது கூடும். கவனியுங்கள், கம்பிகள் குறுக்கே போகின்றன: இடது கீலைத் தூக்குகிற கம்பியின் கால் வலது பக்கக் காடியில் இருக்கும். சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொண்டு தொடுங்கள்.

மூடி முழுசாகத் திறந்திருக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். அப்போதுதான் முறுக்கு மிகக் குறைவு. குறைவுதான், இல்லாமல் போய்விடாது. ஒருவர் மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கம்பிக் காலில் பொருந்துகிற இரும்புப் பைப்பைச் செருகி, மெதுவாகத் தூக்கிக் காடி மாற்ற வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பவே நெம்பாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கம்பி போகிற பாதையில் முகத்தை வைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், முகத்தை வைக்காதீர்கள். பழக்கம் இல்லாதவர்கள் பட்டறையில் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

எவ்வளவு தளர்த்துவது? லாக்கை விட்டதும் மூடி நான்கு விரல்கடை எழும்பி நின்றால் போதும். அதற்கு மேல் கையால் தூக்க வேண்டும், லேசாக வர வேண்டும். இதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். முடியவில்லை. ஸ்பிரிங்குக்கு இன்னொரு வேலை உண்டு: திறந்த மூடியை விழாமல் பிடித்து நிற்பது. சமதரையில் நின்ற மூடி, குன்னூர் ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் பின்னுக்குச் சாய்ந்து உங்கள் தலையில் இறங்கும். அதனால் ஒரு ஏற்றத்தில் நிறுத்தித் திறந்து பாருங்கள். அங்கே நின்றால் எங்கும் நிற்கும்.

கடைசிக் காடிக்கு வந்தும் எகிறுகிறது என்றால் கொஞ்சம் மெல்லிய கம்பி தேட வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். கம்பியின் முறுக்குப் பலம் கனத்தின் நான்காம் அடுக்கில் மாறும், அதாவது கனத்தை நான்கு தடவை எழுதிப் பெருக்குகிற கணக்கு. 8 மில்லிமீட்டருக்குப் பதில் 7 போட்டால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பலத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும்.

மூடி வாங்கும்போதே அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே சட்டம் இல்லாத ஒற்றைத் தோல் மூடி, ரேஸ் வண்டியில் பின் என்கிற ஆணி போட்டு மாட்டுவதற்கானது. கீலும் ஸ்பிரிங்கும் வைக்க உள்சட்டத்தோடு வருகிற இரட்டைத் தோல் மூடிதான் சரி. மூடும்போது நடுவில் அழுத்தாதீர்கள், லாக்குக்கு நேர் மேலே விளிம்பில் உள்ளங்கையை விரித்து அழுத்துங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். டிக்கி ஷாக் என்கிறோமே, அந்த கேஸ் ராடு உள்ள வண்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக: ராடின் மேல் அது தள்ளுகிற பலம் நியூட்டன் கணக்கில் ஒரு எண்ணாக அச்சடித்திருக்கும், அதைவிடக் குறைந்த எண் உள்ள ஜோடியை வாங்குங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கேஸைக் குறைக்கிறேன் என்று ஓட்டை போடாதீர்கள், உள்ளே அழுத்தம் பயங்கரம். காலை 25 டிகிரியில் சரியாக இருந்த ராடு, வெயிலில் நின்று 50 டிகிரி ஆனால் சுமார் 8 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். மதியத்திலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ரோட்டு வண்டி என்றால், வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது, மூடி வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.