காக்பர்ன் இல்லைங்க, கோபர்ன்

வணக்கம் மக்களே. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் இடையில் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில், ஒரு காப்பித் தோட்டத்து ஓரம் நின்று பேசுகிறேன். பின்னால் உயரமாகத் தெரிவது சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறியிருப்பது மிளகுக்கொடி, கீழே இருப்பது காப்பிச் செடி. இன்றைக்கு இடம் சுற்றிக் காட்டப் போவதில்லை. ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேச்சு.

ஏற்காட்டைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். எம்.டி. காக்பர்ன், சேலம் கலெக்டர், மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர், ஏற்காட்டின் தந்தை. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். இரண்டு வருடம் முன்னால் என் அத்தை மகன் நடத்துகிற ஹோம்ஸ்டேயில் எடின்பரோவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா தங்கியிருந்தார். ஊர்ப் பெருமையாக இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். யாரைச் சொல்கிறேன் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. சரி என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஓ, கோபர்ன்!" என்றார். நடுவில் இருக்கும் அந்த 'க்' எழுத்தில் மட்டும்தான். வாயில் வராது.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பெயர் என்னை. அந்த அம்மா ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். இது எங்கிருந்து கிளம்பியது, எங்கெல்லாம் போய் இறங்கியது என்பதை என்னால் முடிந்தவரை பின்தொடர்ந்து போனேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி, பெரிக்‌ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே டன்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று நிற்கிறது. அந்தக் குன்றின் பெயர் கோபர்ன் லா. 'லா' என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் குன்று. உயரம் சுமார் 325 மீட்டர். நம் சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,623 மீட்டர், அதாவது ஐந்து மடங்கு. ஆனால் அந்தச் சின்னக் குன்றும் அதைச் சுற்றிய நிலமும்தான் இந்தப் பெயருக்குத் தாய்வீடு. 'பர்ன்' என்பது ஸ்காட்லாந்துப் பேச்சில் ஓடை. முன்பாதியைச் சேவல் என்றே பெரும்பாலும் பொருள் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் சின்னத்திலும் சேவல்தான் நிற்கிறது. கூவி எழுப்புகிறது என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகமும் உண்டு. நம் மொழியில் சொன்னால் 'சேவலோடை'. நம் மலையில் ஒரு ஊருக்கு இப்படிப் பெயர் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம், அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

ஓர் ஊரின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராக எப்படி மாறுகிறது? இதை எனக்கு எந்தப் புத்தகமும் புரிய வைக்கவில்லை. என் அப்பாவின் செக்ரோல்தான் புரிய வைத்தது.

அப்பா இந்த மலையில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். செக்ரோல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவேடு அது. நீளமான நோட்டு, இடது பக்கம் பெயர், வலது பக்கம் மாதத்து நாட்களுக்குக் கட்டம். ஒன்றே ஒன்று வீட்டில் மிச்சம் இருக்கிறது. இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது, மை மங்கிவிட்டது, இருந்தாலும் படிக்க முடிகிறது. இந்தப் பக்கத்தில் மட்டும் நான்கு ராமன். பறிப்புக் காலத்தில் கூலி மாறிப் போனால் சண்டை வந்துவிடும். அதனால் அப்பா என்ன செய்திருக்கிறார் பாருங்கள். 'நாகலூர் ராமன்'. கீழே 'கொட்டச்சேடு ராமன்'. அப்புறம் 'செம்மநத்தம் ராமன்'. நான்காவது ஆளுக்கு ஊரே போடவில்லை, வெறும் ராமன். அவர் எஸ்டேட் லைன் வீட்டிலேயே குடியிருந்தவர். உள்ளூர்க்காரருக்கு ஊர்ப்பெயர் தேவைப்படுவதில்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. ஊருக்குள் இருக்கும்போது யாரும் உங்களை ஊர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வெளியே வந்தால்தான் கூப்பிடுவார்கள். ஸ்காட்லாந்தில் வில்லியம் என்ற அரசர் ஆண்டது 1165 முதல் 1214 வரை. அந்தக் காலத்து ஓர் ஆவணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவரை 'கோபர்னைச் சேர்ந்த பீட்டர்' என்று எழுதியிருக்கிறார்கள். நம் கொட்டச்சேடு ராமனுக்கும் இந்தப் பீட்டருக்கும் எழுதும் முறையில் ஒரு வித்தியாசமும் இல்லை. பீட்டரின் நிலம் வாரிசுகளிடம் தொடர்ந்தது, பெயரும் கூடவே தொடர்ந்து பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது. நம் ராமனின் மகனுக்கு அப்பா பெயர் இனிஷியலாகப் போயிற்று, கொட்டச்சேடு போகவில்லை. நம்மிலும் ஊர் ஒட்டிக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியாரை இன்றைக்கும் 'சேலம் விஜயராகவாச்சாரியார்' என்றுதானே சொல்கிறோம்? ஊர் கூடவே நிற்கிறது.

இந்தப் பெயர் ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஸ்மித் என்றால் கொல்லர். எல்லா ஊரிலும் கொல்லர் உண்டு, அதனால் ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் குடும்பம் தனித்தனியாக முளைத்தது. சேவலோடை ஒரே ஒரு மூலையில்தான் இருந்தது. அங்கிருந்து கிளம்பியவர்களோடு மட்டும்தான் இந்தப் பெயர் நடந்திருக்கிறது.

முதலில் பக்கத்திலேயே நடந்தது. லாங்டன் என்ற இடத்தில் ஒரு கிளை, ஈஸ்ட் லோதியனில் ஓர்மிஸ்டன் என்ற ஊரில் ஒரு கிளை. ஓர்மிஸ்டன் கிளையில் 18ஆம் நூற்றாண்டில் ஜான் கோபர்ன் என்று ஒருவர். நிலத்தைச் சீர்திருத்தி, புது முறையில் பயிர் வைத்து, திட்டம் போட்டு ஒரு கிராமத்தையே அமைத்தவர். ஸ்காட்லாந்து விவசாயத்தின் முன்னோடி என்று அவரை அங்கே கொண்டாடுகிறார்கள். மலையில் பயிர் சோதித்த நம் கலெக்டரை நினைத்துக்கொண்டேன். இருவரும் சொந்தம் என்று சொல்ல வரவில்லை, பெயர் ஒன்று, ஆசையும் ஒன்று.

எடின்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளைந்து ஏறுகிற கோபர்ன் தெரு, ஹென்றி கோபர்ன் என்ற நீதிபதியின் பெயரில் அமைந்தது. நம் ஹோம்ஸ்டே அம்மா அந்தத் தெருவில்தான் முதல் வேலை பார்த்தாராம். போர்ச்சுகலில் 1815இல் ஒரு கோபர்ன் தொடங்கிய போர்ட் ஒயின் நிறுவனம் இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது.

அப்புறம் கப்பல். ஜார்ஜ் கோபர்ன் என்ற கடற்படைத் தளபதி. 1814இல் வாஷிங்டன் நகரை எரித்த படையில் முக்கியமானவர். மறுவருடம் நெப்போலியனை செயின்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுபோய் விட்டவரும் இவரே. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குக் கீழே இருக்கும் கடற்பகுதிக்கு இவர் பெயரை வைத்தார்கள், அதை ஒட்டி இன்றைக்குக் கோபர்ன் என்ற நகராட்சியே இருக்கிறது. அவருடைய தம்பி பிரான்சிஸ் பஹாமாஸ் கவர்னர். டர்க்ஸ் அண்ட் கெய்கோஸ் தீவுகளின் தலைநகர் கோபர்ன் டவுன், அவர் பெயரில். ஒரு குன்றின் பெயர் ஆளுக்குப் போய், ஆளிடமிருந்து மறுபடி ஊருக்கு இறங்கியிருக்கிறது பாருங்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் இந்தப் பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதி உண்டு. கரீபியன் தீவுகளில் ஸ்காட்லாந்துப் பெயரோடு ஒருவரைப் பார்த்தால் அவர் முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களுக்கு முதலாளியின் பெயரே தலையில் ஏற்றப்பட்டது. உலக வரைபடத்தில் ஒரு பரம்பரைப் பெயருக்குப் புள்ளி வைத்துப் பார்க்கும்போது எல்லாப் புள்ளியும் ரத்த உறவு இல்லை. சில புள்ளிகள் வலி. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்ததாலோ என்னவோ.

சரி, நம்ம மலைக்கு வருகிறேன். மான்டேகு டண்டாஸ் கோபர்ன். 'டண்டாஸ்' என்பதும் எடின்பரோ பக்கத்து ஊர்ப்பெயர்தான். 1820களில் சேலம் கலெக்டர். சேர்வராயன் மலையில் காப்பி வைத்தார், ஆப்பிள், பேரி எல்லாம் நட்டுப் பார்த்தார். சீசனில் ரோட்டோரம் கூடையில் பேரிக்காய் வாங்குவீர்களே, அந்தக் கதையின் தொடக்கம் அங்கே. கிரேஞ்ச் எஸ்டேட் பழைய பங்களாவையும் அவர் காலத்தோடு சேர்த்துத்தான் இங்கே சொல்வார்கள்.

இங்கே ஒரு தப்பைத் திருத்தியே ஆக வேண்டும். ஏற்காட்டை 1842இல் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். மன்றோ 1827லேயே காலராவில் இறந்துவிட்டார். எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் சென்னை கவர்னராக இருந்தது 1820 முதல் 1827 வரை, அதாவது கோபர்ன் இங்கே கலெக்டராக இருந்த அதே காலம். அதோடு, 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. இந்த மலையில் ஆட்கள் இருந்தார்கள்.

இந்த மலையின் பழங்குடி மக்களை மலையாளி என்கிறோம். கேரளத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மலையில் வாழ்கிறவர் என்றே இங்கே அதற்குப் பொருள், பேசுவது தமிழ். அவர்களுடைய வாய்மொழிக் கதையில் காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வருகிறார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. அதனால் இங்கே பெரிய மலையாளி, அங்கே பச்சை மலையாளி, கொல்லி மலையாளி. இவர்களுக்கும் மலைதான் பெயர் கொடுத்திருக்கிறது. குன்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் கடல் தாண்டி வந்து இறங்கிய இடத்தில், மலையின் பெயரையே தன் பெயராக வைத்திருந்த மக்கள் நின்றிருக்கிறார்கள். எல்லோருடைய பெயரும் மண்ணில் இருந்து வந்ததுதான். பலகையில் ஏறியது ஒருவருடையது மட்டும்.

இந்தக் கதையில் நான் மிகவும் நேசிக்கிற ஆள் இன்னும் வரவில்லை. கலெக்டரின் மகள். மார்கரெட் புஷ்பி லாசெல்ஸ் கோபர்ன், 1829இல் பிறந்தவர், 1928 வரை இருந்தார். கிட்டத்தட்ட நூறு வயது. குடும்பம் நீலகிரிப் பக்கம் கோத்தகிரிக்குப் போய்விட்டது. அங்கே 1863இல் ஆல்போர்ட்ஸ் என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் இந்தப் பெண்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவர் பறவைகளை வரைந்தார். நீலகிரிப் பறவைகளை, அவை உட்காரும் கிளையோடும் பூவோடும் நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிவைத்த ஏ.ஓ. ஹியூம் பெரிய பறவை ஆராய்ச்சியாளரும்கூட. இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி அவர் தொகுத்த நூலில், 'கோத்தகிரி மிஸ் கோபர்ன்' அனுப்பிய குறிப்புகள் திரும்பத் திரும்ப வரும். எந்தப் பறவை எந்த மாதத்தில் கூடு கட்டுகிறது, எதை வைத்துக் கட்டுகிறது, எத்தனை முட்டை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண்ணின் குறிப்புகள் அவை.

கவனித்தீர்களா, ஹியூமும் அவரை ஊர் சேர்த்துத்தான் எழுதுகிறார். 'கோத்தகிரி' மிஸ் கோபர்ன். சேவலோடையிலிருந்து வந்த பெயருக்கு முன்னால் நம் ஊர் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது, அப்பாவின் செக்ரோலில் போலவே.

என் தம்பி இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தான், நாம் எல்லோரும் போடுவதுபோல. அவனுடைய ஆபீசில் கடிதம் எல்லாம் 'மிஸ்டர் பழனிசாமி' என்றே வருகிறது. முதல் தடவை யாரோ அப்படிக் கூப்பிட்டபோது, அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தானாம். அப்பா இறந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. போனில் இதைச் சொல்லும்போது அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது, எனக்கும்தான்.

அவன் பிள்ளைக்கும் பழனிசாமி என்றே சர்நேம் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் அதுவே போகும். மலையில் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் பெயர் அந்த நாட்டில் ஒரு பரம்பரைப் பெயராகத் தொடங்கியிருக்கிறது.

பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, கேமராவில் என் முகம் தெரிகிறதோ இல்லையோ. பெரிக்‌ஷயருக்கு இங்கிருந்து போக முடியாது. கோத்தகிரிக்குப் போக முடியும், மேட்டுப்பாளையம் வழியாகப் போகிறேன். அடுத்த வீடியோ அங்கிருந்து, மிஸ் கோபர்ன் வரைந்த பறவைகளில் எது எது கண்ணில் படுகிறது என்று பார்க்கலாம். வரட்டுங்களா?