சிரிப்பதற்கு முன் ஒரு நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையின் நடுவில் கண் சொக்கிவிடக் கூடாதே என்று, பக்கத்து அறையில் 20 நிமிடம் படுத்து எழுந்துதான் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருக்கிறேன். நார்கோலெப்சி என்ற, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய் உள்ளவனுக்கு இதுதான் முதல் தயாரிப்பு. குறிப்பெடுப்பதெல்லாம் அப்புறம்.

பள்ளியில் எனக்குக் கும்பகர்ணன் என்று பெயர். யோசித்தால் பொருந்தாத பெயர். அவன் படுத்தால் எழுப்புவது கஷ்டம். எனக்கோ ராத்திரியில் நாலைந்து முறை விழிப்பு வரும். பகல், இரவு இரண்டையும் கூட்டினால் நான் தூங்குவது உங்களைவிட ரொம்ப அதிகமில்லை. தூக்கமும் விழிப்பும் அதனதன் இடத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. விழித்திருப்பவரை விழிப்பிலேயே நிறுத்திவைப்பது அதன் வேலை. அப்படி ஒரு பொருள் இருப்பதே 1998ல்தான் தெரியவந்தது. எனக்கு இருக்கும் வகையில் அந்த அணுக்களில் பெரும்பாலானவை அழிந்துபோயிருக்கும். மற்றவர்களுக்குத் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் கனவுத் தூக்கம், எங்களுக்குக் கால் மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும்.

கனவு காணும்போது உடம்பு தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடக் கூடாதல்லவா? உடம்பு அப்படிக் கிடக்க, மனம் மட்டும் விழித்துக்கொள்வதைத்தான் அமுக்குவான் பேய் என்பார்கள். அது எங்களுக்கு அடிக்கடி வரும் விருந்தாளி. அதே தளர்ச்சி பட்டப்பகலில் புகுந்தால் கேட்டப்ளெக்ஸி. அதைப் பெரும்பாலும் கூட்டி வருவது சிரிப்பு. யாராவது ஒரு ஜோக் சொல்வார்கள். தாடை தொங்கும், தலை சாயும், முழங்கால் மடங்கும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். “மயக்கம் போட்டுட்டார், தண்ணி தெளிங்க” என்பதும் காதில் விழும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வராது. ஓரிரு நிமிடத்தில் தானே சரியாகிவிடும். 1880ல் இந்த நோய்க்குப் பெயர் வைத்த பிரெஞ்சு மருத்துவர் ழெலினோ எழுதிய நோயாளியும் சிரித்தால் சரிந்தவர்தான்.

எனக்கு இன்னதென்று தெரியவே பல வருடம் ஆனது. சோம்பேறி என்றார்கள், மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஓர் இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை. மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறேன் என்று பார்த்தார்கள். வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த ஒரே பரீட்சை.

இப்போது காலையில் விழித்திருக்க மொடாஃபினில் என்ற மாத்திரை. முற்பகலிலும் மதியத்திலும் ஒரு குட்டித் தூக்கம், அலாரத்தோடு. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். சில நேரம் தூங்கியபடியே கை எழுதிக்கொண்டிருக்கும். பிறகு பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கல். மேலதிகாரியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்த நாட்களில் விழித்திருப்பதாக நடிப்பதே ஒரு தனி வேலையாக இருந்தது.

சிரிப்பை மட்டும் விட மனசில்லை. மகள் மழலை பேசிய நாட்களில் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வேன். அவள் வளர்ந்துவிட்டாள். “அப்பா, முதல்ல உட்காருங்க” என்று அவள் சொன்னால், வீட்டில் எல்லோரும் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.