142857 ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது?

சரி, அடுத்த கேள்வி. "142857ஐ 2 முதல் 6 வரை எதனால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள் வரிசை குலையாமல் வருகின்றன. 7ஆல் பெருக்கினால் மட்டும் 999999. இதற்கு ஏதாவது விசேஷக் காரணம் உண்டா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். விடை தெரியாமல் இல்லை. சொல்ல ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

1ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம், கையால் போடுங்கள். 10இல் 7 ஒரு தடவை, மீதி 3. 30இல் நாலு தடவை, மீதி 2. 20இல் இரண்டு தடவை, மீதி 6. 60இல் எட்டு, மீதி 4. 40இல் ஐந்து, மீதி 5. 50இல் ஏழு, மீதி 1. தொடங்கிய 1க்கே வந்துவிட்டோம். இனி எல்லாம் பழைய கதைதான்: 0.142857142857...

நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்: ஈவை விடுங்கள், மீதியைப் பாருங்கள். 1, 3, 2, 6, 4, 5. ஏழால் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகளில் பூஜ்யம் தவிர எல்லாமே வந்துவிட்டன. அப்படியானால் 2/7 என்பது என்ன? அதே சுற்றில் மீதி 2 இருக்கும் இடத்தில் ஏறிக்கொள்வது. அங்கிருந்து 285714. 3/7க்கு மீதி 3இல் ஏறினால் 428571. பெருக்கல் செய்யவே தேவையில்லை. ஏழு முறை எடுத்தால் 7/7, அதாவது 0.999999... அது 1தான் என்று முன்பு ஒரு பேச்சில் சொன்னேன். அதற்கு வந்த சண்டைகளும் நினைவிருக்கின்றன!

இன்னொன்று. 142ஐயும் 857ஐயும் கூட்டுங்கள், 999. ஏன்? மறுபடியும் மீதிதான். மூன்றாவது படியில் மீதி 6, அதாவது 7 கழித்தல் 1. அதிலிருந்து பிற்பாதி முழுக்க முற்பாதிக்கு நிரப்பியாக ஓடும்: 1க்கு 6, 3க்கு 4, 2க்கு 5, ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 7. அதனால் ஈவு இலக்கங்களும் ஜோடிக்கு 9 ஆகின்றன. எண்ணை வர்க்கப்படுத்தினால் 20408122449. 20408ஐயும் 122449ஐயும் கூட்டினால் பழையபடி 142857. இதை வைத்துத்தான் ஜாதக ரகசியம், பிரபஞ்ச ரகசியம் என்று பார்வர்டு அனுப்புகிறார்கள். எனக்கு அனுப்பாதீர்கள்.

நீங்கள் 13ஐப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். 1/13 என்பது 0.076923 என்று ஆறு இலக்கத்திலேயே முடிந்து மறுபடி தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு மீதிகளில் பாதிதான் வந்தன: 1, 10, 9, 12, 3, 4. மற்ற ஆறும் தனிச் சுற்று. 2/13 அதில்தான் ஓடும், 0.153846 என்று. ஆக 076923ஐ 2ஆல் பெருக்கினால் வேறு இலக்கங்கள் வருகின்றன. 3ஆல் பெருக்கினால் அதே இலக்கங்கள் சுழன்று 230769. 17க்கோ பதினாறு மீதிகளும் ஒரே சுற்றில் வந்துவிடுகின்றன.

100க்குள் இப்படி முழுச் சுற்று போடும் பகா எண்கள் 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97. மொத்தம் 25இல் ஒன்பது. இப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டா? உண்டு, பகா எண்களில் 37 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே இருக்கும் என்பது எமில் ஆர்ட்டின் என்ற கணித அறிஞர் 1927இல் முன்வைத்த ஊகத்திலிருந்து வரும் கணக்கு. 1967இல் ஹூலி என்ற இன்னொரு கணித அறிஞர் அதை நிறுவினார், ஆனால் பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு தொடர்புள்ள பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டு. அந்தக் கருதுகோளோ இன்னும் நிறுவப்படவில்லை. பள்ளிக்கூட வகுத்தல் கணக்கில் தொடங்கினோம், எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.